காலேஜ் ஃபிரட்டர்னிட்டி: நாலு வருஷமா, ஆயுசு முழுக்கவா? தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளை காலேஜுக்குப் போன முதல் வருடத்திலேயே பல தமிழ் வீடுகளுக்கு அந்த போன் வந்துவிடுகிறது: "அம்மா, எனக்கு ஒரு ஃபிரட்டர்னிட்டியிலிருந்து பிட் வந்திருக்கு, சேரச் சொல்லிக் கூப்பிடறாங்க." தமிழ்ப் பள்ளி வாசலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் ஒரே சந்தேகங்களை ஆளாளுக்குக் கேட்டதால், பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எல்லோரும் கேட்பது அந்த நாலு வருடத்தைப் பற்றி. எனக்கு நிறையச் சொல்ல இருப்பது அதற்குப் பிந்தைய நாற்பது, ஐம்பது வருடத்தைப் பற்றி.

ஃபிரட்டர்னிட்டின்னா என்னங்க? ஹாஸ்டலா, கிளப்பா?

இரண்டின் சாயலும் உண்டு. ஆண்களுக்கானது ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கானது சொராரிட்டி. இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட நாடு தழுவிய சங்கங்கள் இவை. ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளைக்கு சாப்டர் என்று பெயர். சில சாப்டர்களுக்குச் சொந்தமாகப் பெரிய வீடே உண்டு, உறுப்பினர்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பார்கள். பல சாப்டர்களுக்கு வீடு கிடையாது.

நாம் போய் விண்ணப்பம் கொடுத்தால் சேர்ந்துவிட முடியாது. செமஸ்டர் தொடக்கத்தில் 'ரஷ்' என்று ஒரு பழகும் காலம். பிடித்தவர்களுக்கு 'பிட்' என்ற அழைப்பு வரும். அதை ஏற்றவர் சில வாரம் 'பிளெட்ஜ்' ஆக, அதாவது பயிற்சி உறுப்பினராக, இருப்பார். கடைசியில் ரகசியச் சடங்கு ஒன்று நடத்திச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சடங்கு முடிந்தவர் ஆயுள் உறுப்பினர். இந்த ஒரு விதியிலிருந்துதான் கீழே உள்ள பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

எப்ப ஆரம்பிச்சது இதெல்லாம்?

வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய ஃபை பீட்டா காப்பாவைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். அது பின்னாளில் மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கமாக மாறிவிட்டது. இன்று நாம் பார்க்கும் வகையின் மூத்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-லும் 1827-லும் பிறந்த காப்பா ஆல்ஃபா, சிக்மா ஃபை, டெல்டா ஃபை ஆகிய மூன்றும்.

படிப்பு முடிஞ்சா அதோட எல்லாம் முடிஞ்சுடும்ல?

பலருக்கு முடிந்துவிடுகிறது என்பதே உண்மை. வருடத்துக்கு ஒரு முறை கல்லூரி கால்பந்து ஆட்டத்துக்கு வந்து பழைய நண்பர்களைப் பார்ப்பார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், கேட்டால் நன்கொடை தருவார்கள். அந்த நட்பில் பத்துப் பேராவது கடைசிவரை நிலைத்தால் அதுவே பெரிய பேறு என்பேன்.

ஆனால் ஆயுள் முழுக்க என்பதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டுபவை கறுப்பின மக்களின் அமைப்புகள். 'டிவைன் நைன்' என்று அழைக்கப்படும் ஒன்பது சங்கங்கள் அவை. முதலாவதான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர் ஆறு பேர் மறு வருடம் திரும்பி வரவில்லை. தங்க இடமும் படிக்கத் துணையும் இல்லாத ஊரில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்க ஏழு மாணவர்கள் கூடினார்கள். தாக்குப்பிடிக்கத் தொடங்கிய சங்கம் ஆதலால், பட்டம் வாங்கியதும் கலைந்துபோக அவர்களுக்கு நியாயமே இருக்கவில்லை. வெளியே அதைவிடக் கடுமையான உலகம் காத்திருந்தது. அதனால் ஊர் ஊராகப் பட்டதாரிகளின் சாப்டர்கள் எழுந்தன. இன்றும் அறுபது வயது டாக்டரும் எழுபது வயது ஓய்வுபெற்ற ஆசிரியரும் மாதா மாதம் கூட்டத்துக்குப் போய், சந்தா கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதையும் வாக்காளர் பதிவு முகாம் நடத்துவதையும் பார்க்கலாம்.

மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தது இளங்கலை படிக்கும்போது அல்ல. 1948-ல் பட்டம் வாங்கியவர், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 1952-ல் சேர்ந்தார். மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஆகஸ்டில், சங்கத்தின் பொன்விழா மாநாட்டில் வந்து பேசினார். அவர் கொல்லப்பட்டுப் பதினாறு வருடம் கழித்து, 1984-ல், வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்ற யோசனையை எடுத்ததும் இதே சங்கத்தார்தான். நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது 1996-ல். பணம் திரட்டிக் கட்டி முடித்து 2011 அக்டோபர் 16-ல் அர்ப்பணித்தார்கள். இருபத்தேழு வருடம் ஒரு வேலையைக் கைவிடாமல் இழுத்துவந்தார்கள். ஃபிரட்டர்னிட்டியின் ஆயுள் பந்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நினைவிடம்தான்.

செத்த பிறகும் உறுப்பினர்னு சொல்றாங்களே, அது பேச்சுக்குத்தானே?

பேச்சுக்கு இல்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் ஒருவர் இறந்தால் அவர் 'ஒமேகா சாப்டரில்' சேர்ந்துவிட்டார் என்பார்கள். கிரேக்க எழுத்து வரிசையின் கடைசி எழுத்து என்பதால் அந்தப் பெயர் வேறு எந்தக் கிளைக்கும் கிடையாது. இறுதிச் சடங்கின்போது உறுப்பினர்கள் கூடி, தங்கள் முறைப்படி தனியாக ஒரு அஞ்சலி நடத்துவார்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சொராரிட்டியில் இறந்தவர்களைச் சுவருக்கு அப்பால் படர்ந்த ஐவிக் கொடி என்று சொல்வது வழக்கம்.

நம்ம கமலா ஹாரிஸ்கூட ஏதோ சொராரிட்டின்னு டிவில சொன்னாங்களே?

ஆமாம், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, சுருக்கமாக ஏகேஏ. 1908-ல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த, கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் பேத்தி, ஹோவர்டில் படிக்கும்போது 1986-ல் அதில் சேர்ந்தார். அவர் கழுத்தில் எப்போதும் கிடந்த முத்து மாலையைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைத்தார்கள். ஏகேஏ பெண்களுக்கு முத்து ஒரு அடையாளம்: தொடக்க உறுப்பினர் பதினாறு பேர், சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்த நால்வர், ஆக இருபது முத்து.

2020-ல் அவர் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும் பிரசாரக் கணக்கில் 19 டாலர் 8 சென்ட் நன்கொடைகள் வந்து விழ ஆரம்பித்தன. 1908-ஐ அப்படி எழுதி அனுப்பியவர்கள் ஏகேஏ சகோதரிகள். சங்கமாக அது யாரையும் ஆதரித்து அறிக்கை விடவில்லை. 2024-ல் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து பைடன் ஜூலை 21-ஆம் தேதி விலகினார். 24-ஆம் தேதி இண்டியானாபோலிஸில் ஸீட்டா ஃபை பீட்டா என்ற இன்னொரு கறுப்பினச் சொராரிட்டியின் மாநாட்டு மேடையில் கமலா பேசினார். இருபத்தொரு வயதில் சேர்ந்த ஒரு சங்கம் அறுபது வயதை நெருங்கும்போது துணைக்கு வந்து நின்றது. தேர்தலில் அவர் தோற்றதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூட நிற்க ஆட்களைத் தரும் பந்தம் இது. வெற்றிக்கு உத்தரவாதம் தராது.

வேலை வாங்கிக் கொடுப்பாங்களாமே?

நேராக வேலை வாங்கிக் கொடுப்பது அரிது. நேர்காணலுக்குக் கூப்பிட வைப்பது, அந்தத் துறையில் இருக்கும் மூத்தவரிடம் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்வது, ரெஸ்யூமைத் திருத்திக் கொடுப்பது, இவை நிறைய நடக்கும். அமெரிக்காவில் நமக்குச் சித்தப்பாவும் மாமாவும் இல்லாத துறைகளில், முதலீட்டு வங்கி, அரசியல், சட்டம் போன்றவற்றில், இந்தக் கதவு நம் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஃபிரட்டர்னிட்டியில் இருந்ததால் பிற்கால வருமானம் ஏறக்குறைய 36 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். ஒரே கல்லூரி, ஆண்கள் மட்டும். ஆகையால் இந்த எண்ணை உங்கள் பையன் தலையில் எழுதிவிடாதீர்கள். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2014-ல் சுமார் 30,000 பட்டதாரிகளைக் கேட்டதில், வேலையில் மனம் ஒன்றி ஈடுபடுவதாகத் தெரிந்தவர்கள் இந்தச் சங்கங்களில் இருந்தவர்களில் 43 சதவீதம், மற்றவர்களில் 38. வித்தியாசம் உண்டு, மலைக்கும்படி இல்லை. வசதியும் கலகலப்பும் ஏற்கெனவே உள்ள பிள்ளைகளே அதிகம் சேர்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்போ படிப்பு கெட்டுப்போகாதா?

மேலே சொன்ன அதே யூனியன் ஆய்வு இதற்கும் பதில் வைத்திருக்கிறது: கிரேடு சராசரி சுமார் 0.25 புள்ளி குறைந்தது. டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கால் புள்ளி உயிர் போகிற விஷயம். பிளெட்ஜ் ஆக இருக்கும் செமஸ்டரில் கடினமான பாடங்களைக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

குடிப் பழக்கம் வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, தட்டிக்கழிக்க மாட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளி இறுதி வகுப்பிலிருந்து 35 வயதுவரை ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: காலேஜில் ஃபிரட்டர்னிட்டி வீட்டில் தங்கிய ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு 35 வயதில் மதுப் பழக்கக் கோளாறின் அறிகுறிகள் இருந்தன. பார்ட்டி காலேஜோடு போய்விடும் என்று சமாதானம் சொல்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். ஆயுள் பாதிப்பு என்றால் இதுவும்தான்.

ஆய்வு சொல்வது வீட்டில் தங்கியவர்களைப் பற்றி. உறுப்பினராக இருந்துகொண்டே வேறிடத்தில் தங்கலாமா என்று சேருமுன் கேளுங்கள். சில சாப்டர்கள் ஒரு வருடமாவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்.

ஹேஸிங்னா நம்ம ஊர் ராகிங் மாதிரிதானே?

கொடுமையில் ஒன்றுதான். சங்கத்தில் சேர வருபவர்களைச் சோதனை என்ற பெயரில் வதைப்பதுதான் ஹேஸிங். தமிழ்நாட்டில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது நினைவிருக்கும். அங்கே மாட்டியவன் கல்லூரியில் சேர்ந்த ஒரே காரணத்துக்காக மாட்டியவன். ஹேஸிங்கில் பிள்ளை தானே விரும்பிப் போய் நிற்கிறான், முடிவில் ஒரு பரிசு காத்திருக்கிறது என்று நம்புகிறான். அதனால்தான் வெளியே சொல்வதில்லை. "நானேதானே சம்மதிச்சேன்" என்று உள்ளுக்குள் புழுங்குவான். பல மாநிலச் சட்டங்களில் சம்மதம் இருந்தது என்பது தற்காப்பு ஆகாது. இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பிட் ஏற்ற அன்றைக்கே அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவர் மாடிப்படியில் விழுந்தார். ஏறத்தாழ 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்துபோனார். அடுத்த வருடம் அந்த மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் சட்டமும் வந்துவிட்டது: எந்தச் சங்கம் ஹேஸிங் செய்து பிடிபட்டது என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆக வேண்டும். பிள்ளை சொல்லும் சாப்டரின் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மேலே நான் மெச்சிய கறுப்பின அமைப்புகளும் இதில் சுத்தம் இல்லை. பிளெட்ஜ் முறையையே 1990-ல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் மறைவாக அடிப்பது பல இடங்களில் தொடர்ந்து, வழக்குகள் வந்தபடிதான் இருக்கின்றன.

அவ்வளவு கொடுமை அனுபவிச்சவங்க பின்னாடி அதையே உயிரா நினைக்கிறாங்களே, எப்படி?

எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் 1959-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சில மாணவிகளுக்குக் கூச்சமூட்டும் கடினமான தேர்வு, சிலருக்கு லேசானது, சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு எல்லோருக்கும் வேண்டுமென்றே சப்பென்று தயாரித்த ஒரே உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். கடினமான தேர்வைத் தாண்டியவர்களுக்கே அது அதிகம் பிடித்திருந்தது. பட்ட பாடு வீணாகப் போனதென்று ஏற்க மனசு இடம் தருவதில்லை.

நல்ல பந்தம் எது, பட்ட அடிக்கு மனசு சொல்லும் சமாதானம் எது என்று உள்ளே இருப்பவராலேயே பிரிக்க முடியாமல் போவது இதனால்தான். 1967-ல் யேல் பல்கலைக்கழகத்தின் டெல்டா காப்பா எப்சிலான் சாப்டரில் புதியவர்களுக்குச் சூடு போடுவதாகச் செய்தி வந்தபோது, அதன் முன்னாள் தலைவர் ஒருவர் அது சிகரெட் சுட்ட மாதிரிதான் என்று நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். அவர் பின்னாளில் அதிபரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அடி வாங்கியவரே அடுத்த வருடம் அடிக்கக் கையை ஓங்குவதும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

உண்மையைச் சொல்லுங்க, இது நம்ம ஊர் சாதிச் சங்கம் மாதிரி இல்லையா?

கேட்டவர் ஒரு அப்பா. கேள்வி நியாயமானது. பிறப்பால் யாரும் உறுப்பினர் ஆவதில்லை என்பதால் அப்படியே ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல பெரிய ஃபிரட்டர்னிட்டிகளின் விதிமுறையிலேயே வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. யூதர்களையும் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் யூத மாணவர்களுக்கென்று ஸீட்டா பீட்டா டாவ் போன்றவை தனியாகத் தோன்றின. அப்பாவோ அண்ணனோ இருந்த சங்கத்தில் தம்பிக்கு முன்னுரிமை தரும் 'லெகசி' வழக்கமும் உண்டு. 2020-க்குப் பிறகு பல சொராரிட்டிகள் அதைக் கைவிட்டன.

எழுத்தில் இருந்த விதி போய்விட்டது, பழக்கம் பல இடங்களில் போகவில்லை. 2015-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிரட்டர்னிட்டி மாணவர்கள் பேருந்தில் இனவெறிப் பாட்டுப் பாடிய வீடியோ வெளியாகி, அந்த சாப்டரே மூடப்பட்டது. ஒதுக்கியவர்கள் தங்களுக்குள் கட்டிய சங்கமும், ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்துக்கிடக்கக் கட்டிய சங்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி எழுத்தும் கொடியும் வைத்திருக்கும். உள்ளே ஆயுளுக்கும் கற்றுத்தருவது வேறு வேறு.

இந்தியப் பசங்களுக்குன்னு தனியா இருக்காமே?

இருக்கிறது. பிங்காம்டனில் 1994-ல் தொடங்கிய ஐயோட்டா நு டெல்டா, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1998-ல் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை, அதே வருடம் அதே இடத்தில் பெண்களுக்காக வந்த காப்பா ஃபை காமா ஆகியவை தெற்காசிய மாணவர்கள் கட்டியவை. தமிழ், குஜராத்தி, பஞ்சாபி என்று எல்லாப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். இவற்றின் முதல் உறுப்பினர்களுக்கே இப்போதுதான் ஐம்பது வயது ஆகிறது. ஆயுள் பந்தம் எந்த வடிவம் எடுக்கும் என்பதை இனி அவர்கள்தான் காட்ட வேண்டும். "நம்ம பசங்க" என்பதால் ஹேஸிங் இருக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

என் தம்பி மகன் எம்.எஸ். படிக்க வர்றான். அவனுக்கு ஏதோ சொசைட்டில இருந்து மெயில் வந்திருக்காம், இதுதானா?

பெரும்பாலும் அது மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கமாக இருக்கும். பொறியியலுக்கு 1885-ல் தொடங்கிய டாவ் பீட்டா பை நல்ல பெயர் பெற்றது. கிரேக்க எழுத்து இருப்பதால் எல்லாமே ஃபிரட்டர்னிட்டி ஆகிவிடாது. அதேபோல், பணம் பறிக்கவே பெயர் வைத்த போலிகளும் உண்டு. துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசு கட்டச் சொல்லுங்கள்.

சேர்ந்துட்டுப் பிடிக்கலைன்னா விலகலாமா?

பிளெட்ஜ் ஆக இருக்கும்போது எந்த நிமிடமும் விலகலாம். முதல் கேள்வியில் சொன்ன சடங்கு முடிந்த பிறகு விலகினால், அதே வகையைச் சேர்ந்த வேறொரு ஃபிரட்டர்னிட்டியில் சேர முடியாது. அதனால் அந்தச் சில வாரங்களை ஒரு சோதனைக் காலமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் "ஆரம்பிச்சதை முடி" என்று வளர்த்திருப்போம். இந்த ஒரு விஷயத்தில் பாதியில் எழுந்து வரலாம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவனுக்குத் தைரியம் வரும்.

பெத்தவங்க தலையிலயும் ஏதாவது விழுமா?

விழலாம். ஒரு பார்ட்டியில் யாருக்காவது அடிபட்டு வழக்கு வந்தால், அதை நடத்திய மாணவர்களையும் சேர்ப்பார்கள். தேசிய அமைப்பின் காப்பீடு, மது விதிகளை மீறியவர்களைக் கைவிட்டுவிடக்கூடும். அப்போது பெற்றோரின் வீட்டுக் காப்பீடுவரை வழக்கு நீளுகிறது. பிள்ளை சாப்டரில் பொறுப்பு ஏற்கிறான் என்றால் உங்கள் காப்பீட்டு முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஒரு சாப்டர் நல்லதா கெட்டதான்னு வெளியில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அங்கே இருக்கும் பையன்களைவிட, அங்கிருந்து போனவர்களைப் பாருங்கள். நாற்பது வயதான உறுப்பினர் இருவரின் பெயரைக் கேட்டு, உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது ஒரு சகோதரனுக்காகப் பயணம் செய்தீர்கள், எதற்காக? உங்கள் மகனை இதே சாப்டரில் சேர்ப்பீர்களா? இந்த இரண்டு கேள்வி போதும். ஒருவன் வேலை இழந்தபோது வாடகை கட்டியது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது என்று வரும் பதிலும், பழைய குடிக் கதைகளிலேயே சுற்றி வரும் பதிலும் கேட்பவனுக்கே வித்தியாசம் தெரியும். பெயர் தரவே தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சீக்ரெட்டுங்கிறான், எதையும் சொல்ல மாட்டேங்கிறான். விட்டுடறதா?

சடங்கின் வாசகம், கைகுலுக்கும் முறை இவை ரகசியமாக இருந்துவிட்டுப் போகட்டும், தோண்டாதீர்கள். இரவு எங்கே இருந்தான், தூங்கினானா, சாப்பிட்டானா, ஏன் முழங்கை கன்றிப் போயிருக்கிறது என்பவை எந்தச் சங்கத்தின் ரகசியமும் ஆகாது. போனை எடுக்காமல் இருப்பது, திடீரென்று காசு கேட்பது, வகுப்புக்குப் போகாமல் தூங்குவது தொடர்ந்தால் கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்துக்கு நீங்களே பேசுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

இன்னொன்றையும் அவன் சேருமுன்பே பேசி வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவன் குடித்து மயங்கிக் கிடந்தால், யார் தடுத்தாலும் 911-ஐ அழைக்க வேண்டும், அழைத்தவன் ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். மேலே சொன்ன பென்சில்வேனியாச் சட்டம் போலப் பல மாநிலச் சட்டங்கள், அப்படி உதவி கேட்டுக் கூட இருப்பவனுக்குப் பாதுகாப்பு தருகின்றன. உங்கள் மாநிலத்தின் விதியை எடுத்து அவன் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.